டிசெண்டர்களை வகை பிரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொள்ளாச்சிப் பக்கம் கிணற்றுக்குள் மோட்டார் இறக்குவதைப் பார்த்திருப்பீங்க. கயிற்றைத் தென்னை மரத்தில் இரண்டு சுற்று சுற்றி, ஒருத்தர் வால் முனையைப் பிடித்து மெல்ல மெல்ல விடுவார், பாரம் அதிகம் என்றால் இன்னொரு சுற்று. கயிற்றில் தொங்கி இறங்குகிறவர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியான டிசெண்டரும் அந்தத் தென்னை மரம்தான், கையில் அடங்குகிற அளவில். அதனால் கம்பெனி வாரியாகவோ எடை வாரியாகவோ அடுக்காதீங்க. கயிறு எங்கே உரசுகிறது, தொங்கும்போதே அந்த உரசலைக் கூட்டிக் குறைக்க முடியுமா என்று பார்த்துப் பிரிங்க.

8 வடிவ 'எட்டு' வளையத்தில் கயிறு உலோகத்தைச் சுற்றி வருகிறது, கூடவே முறுக்கும் ஏறுகிறது. பாபின் வகை டிசெண்டரில் இரண்டு சுழலாத உருளைகளுக்கு நடுவே வளைந்து போகிறது. ரேக் என்ற சட்ட வகையில் குறுக்குக் கம்பிகளுக்கு மேலும் கீழுமாக ஓடுகிறது. ரேக்கை எட்டோடு ஒரே பெட்டியில் போடுவது பெரிய தவறு. 100 மீட்டர் இறக்கத்தில் 11 மி.மீ. கயிற்றின் எடையே ஏழு கிலோவுக்கு மேல் கீழே தொங்கும். உச்சியில் அதுவே பிரேக் மாதிரி இழுத்துப் பிடிக்கும், கீழே வர வர அந்த இழுப்பு குறைந்து வேகம் பிடிக்கும். ரேக்கில் இறங்கும்போதே ஒரு கம்பியைக் கழற்றலாம், சேர்க்கலாம். எட்டில் பாதி வழியில் அது அவ்வளவு எளிதில்லை.

அப்புறம், 'தானாக நிற்கும்' என்று ஒரே சீட்டு ஒட்டுவது. இதுதான் ஆபத்து. பெட்சல் கம்பெனியின் 'ஸ்டாப்' டிசெண்டரின் பழைய மாடலில் கைப்பிடியை விட்டால் நிற்கும், அழுத்தினால் ஓடும். பயந்துபோன மனுசன் கையில் இருப்பதை இறுக்கித்தான் பிடிப்பான், அப்போது இன்னும் வேகமாகக் கீழே போவான். அதே கம்பெனியின் ஐ'டி (I'D) டிசெண்டரில் கைப்பிடியை அளவுக்கு மீறி இழுத்தால் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் தனித்தனியாக வையுங்க. எதுவானாலும் கருவிக்குக் கீழே தொங்கும் வால் கயிற்றிலிருந்து கை எடுக்கக் கூடாது.

ஒப்பிடும்போது கயிறு ஒன்றாகவே இருக்கட்டும். 9 மி.மீ. கயிற்றில் வழுக்கிக்கொண்டு ஓடுவது, சேறு காய்ந்த 11 மி.மீ. பழங்கயிற்றில் நகரவே நகராது. கருவி மேல் பொறித்திருக்கும் கயிற்றளவைச் சீட்டில் எழுதி வையுங்க.

தேய்மானத்தை விட்டுவிடாதீங்க. மண் ஒட்டிய கயிறு அலுமினியத்தை அரம் போல அராவும். உருளையின் பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்க, ஓரம் கத்தி போலக் கூராகியிருந்தால் அதைச் சேகரிப்பில் வைக்கலாம், கயிற்றில் மாட்டக் கூடாது.