கொலோனோஸ்கோபி முடிந்து வீடு திரும்பியதும் எதைக் கவனிக்க வேண்டும்

பினாங்கில் கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) செய்துகொண்டு அன்றே வீட்டுக்கு வந்துவிட்டீர்களா? சரி, வயிறு உப்புவதும் கொஞ்சம் பிடித்து இழுப்பதும் சாதாரணம்தான், உள்ளே செலுத்திய காற்று வெளியேற வேண்டும் அல்லவா. ஆனால் வாயு பிரிந்த பிறகும் வலி கூடிக்கொண்டே போய், வயிறு பலகை போல இறுகி, காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால் குடலில் துளை விழுந்திருக்கலாம். அரிதுதான், ஆனால் பனடோல் போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று தயவுசெய்து படுக்காதீர்கள், 999-ஐ அழையுங்கள்.

பாலிப், அதாவது குடலின் உள்சுவரில் வளரும் சிறு சதை, எடுத்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அந்த இடத்தில் 2 வாரம் வரைகூட இரத்தம் கசியலாம், ஆகவே அதற்குள் சென்னைக்கு டிக்கெட் எடுத்திருந்தால் முதலில் டாக்டரிடம் கேளுங்கள். துடைக்கும்போது லேசாகச் சிவப்பு தெரிந்தால் பதற வேண்டாம், இரத்தம் கட்டி கட்டியாகப் போனாலோ மலம் கறுத்துத் தலை சுற்றினாலோ உடனே அவசரப் பிரிவு. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ மறுபடி தொடங்கவோ கூடாது.

பலருக்குத் தெரியாத ஒன்று மண்ணீரல் காயம். மிக மிக அரிது. இடது விலாவுக்குக் கீழே வலிக்கும், சிலருக்கு இடது தோளிலும் வலிக்கும், அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தால் உள்ளே இரத்தம் போய்க்கொண்டே இருக்கும்.

அவசரப் பிரிவில் முதல் வார்த்தையே “கொலோனோஸ்கோபி செய்தேன், இந்தத் தேதியில்” என்பதாக இருக்கட்டும், டிஸ்சார்ஜ் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.