வீட்டு பியானோவுக்கு டியூனரைக் கூப்பிடும் முன்னும் பின்னும்

டிஜிட்டல் பியானோ வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம், அதில் சுருதி கலையவே கலையாது. இது கம்பியும் மரமுமாக இருக்கும் அக்கூஸ்டிக் பியானோவுக்கு, அதிலும் நம் வீடுகளில் சுவரோரமாக நிற்கிற அப்ரைட் வகைக்கு. சென்னை, புதுச்சேரி, தூத்துக்குடி என்று உப்புக்காற்று அடிக்கிற ஊர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஐரோப்பியக் குளிருக்காக எழுதிய பராமரிப்புக் குறிப்பு இங்கே பாதிதான் பொருந்தும்.

"யாரும் வாசிப்பதே இல்லை, அப்புறம் எதற்கு டியூனிங்?" என்று கேட்பவர்கள் நிறைய. வாசிக்காவிட்டாலும் கலையும். உள்ளே ஏறக்குறைய 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து சுமார் 18 டன் இழுவிசையில் விறைத்து நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சவுண்ட்போர்டு ஸ்ப்ரூஸ் மரப்பலகை. காற்றில் ஈரம் கூடினால் பலகை உப்பிக் கம்பிகளைத் தள்ளும், சுருதி ஏறும், காய்ந்தால் இறங்கும். ஆக, டியூனரை எப்போது கூப்பிடுவது என்பதைவிட அறையின் ஈரத்தை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதுதான் பெரிய விஷயம். அதைச் சரிசெய்யாமல் டியூனிங்குக்குக் கொடுக்கும் பணம் இரண்டே மாதத்தில் காற்றோடு போய்விடும்.

முதல் படி: இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

மின்விசிறியை நிறுத்துங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் ஒலி தானாகவே நடுங்கும், நல்ல பியானோகூடக் கலைந்ததுபோலக் கேட்கும். இனி இடது கோடியிலிருந்து கறுப்பு வெள்ளை எல்லாவற்றையும் சேர்த்து எண்ணி 49வது கீயை அழுத்துங்கள். அதுதான் நடு ஏ (A) என்ற சுரம். சர்வதேச அளவுப்படி 440 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். கைப்பேசியில் ஏதாவது இலவச டியூனர் செயலி போதும். 438, 439 என்றால் கவலையில்லை. 435 காட்டினால் ஏறக்குறைய 20 சென்ட் இறங்கியிருக்கிறது (ஒரு அரைச்சுரம் 100 சென்ட்). 415 பக்கம் போயிருந்தால் முழுதாக அரைச்சுரமே இறங்கிவிட்டது, பல வருடம் தொடாமல் கிடந்த பியானோக்களில் இதைப் பார்க்கலாம்.

அடுத்து காதால் ஒரு சோதனை. நடுப்பகுதியிலும் மேலேயும் ஒரு சுரத்துக்கு மூன்று கம்பிகள், மூன்றும் ஒன்றாக நிற்க வேண்டும். ஒரு கீயை அழுத்திப் பிடித்தபடி ஒலி அடங்கும்வரை கேளுங்கள். ஒலி அலை அலையாக "வாவ்... வாவ்..." என்று ஆடினால் மூன்றில் ஒன்று விலகியிருக்கிறது. 440க்கும் 442க்கும் இடையே நொடிக்கு இரண்டு அலை வரும், கணக்கு அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை: மேல்கோடிச் சுரங்கள் கொஞ்சம் ஏறியும், அடிச்சுரங்கள் கொஞ்சம் இறங்கியும் செயலியில் தெரியும். அது பிழையல்ல. கம்பியின் விறைப்பால் அதன் மேலொலிகள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த ஒலிகள்) கணக்கைவிடச் சற்றே உயர்ந்து வரும், அதற்கேற்ப டியூனர் வேண்டுமென்றேதான் இழுத்து வைப்பார். செயலியைக் காட்டி அவரிடம் சண்டை போடாதீர்கள்.

இரண்டாம் படி: இடமும் ஈரமும்

ஈரப்பதம் காட்டும் சிறிய ஹைக்ரோமீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கி பியானோ மேல் வையுங்கள். புத்தகங்கள் 40 முதல் 50 சதவீதம் என்று சொல்லும். மெரினாவுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு அதை எட்டுவது கஷ்டம், என்னைக் கேட்டால் 60க்குப் பக்கத்தில் ஆடாமல் நின்றாலே போதும். கெடுப்பது ஏற்ற இறக்கம்தான். ராத்திரி முழுக்க ஏசி ஓடி 50க்கு இறங்குவது, காலையில் ஜன்னலைத் திறந்ததும் 80க்கு ஏறுவது, இப்படித் தினமும் நடக்கும் படுக்கையறையைவிட ஏசியே இல்லாத கூடம் மேல்.

ஏசி காற்று நேராகப் படும் இடம், வெயில் விழும் ஜன்னலோரம், குளியலறைச் சுவர் மூன்றும் வேண்டாம். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள், பின்னால் காற்றோட்டம் வேண்டும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும். சக்கரம் இருக்கிறதே என்று நீங்களாகவே தள்ளிக்கொண்டு போகாதீர்கள். 200 கிலோவுக்கு மேல் இருக்கும், சின்ன வாசற்படியில் தட்டினாலே சாயும். ஆள் வைத்து நகர்த்துங்கள்.

சிலர் ஈரத்துக்காக உள்ளே ஒரு சின்ன குண்டு பல்பைத் தொங்கவிடுவார்கள். காய்ந்த மரம், கம்பளி ஃபெல்ட், பழைய ஒயர் மூன்றும் ஒரே பெட்டிக்குள், எனக்கு அது பிடிக்கவே இல்லை. இதற்கென்றே குறைந்த வெப்பத்தில் ஓடும் தண்டு வடிவ ஹீட்டரும், ஈரத்தைப் பார்த்துத் தானாக அணைக்கும் ஹ்யூமிடிஸ்டாட்டும் சேர்ந்து கிடைக்கின்றன, டேம்ப் சேசர் என்பது அதில் தெரிந்த பெயர். டியூனரையே பொருத்தச் சொல்லலாம்.

மூன்றாம் படி: யாரை, எப்போது?

நல்ல டியூனர்கள் பெரும்பாலும் வாய்வார்த்தையில்தான் கிடைப்பார்கள். தேவாலயத்தில் பியானோ வாசிப்பவர், இசைப்பள்ளி ஆசிரியர், அண்ணா சாலையில் இருக்கும் மியூசி மியூசிக்கல் போன்ற பழைய இசைக்கருவிக் கடைகள், இவர்களிடம் விசாரியுங்கள். போனில் பேசும்போது செயலி காட்டிய எண்ணையும் கடைசியாக டியூன் செய்த வருடத்தையும் சொல்லிவிடுங்கள். 20 சென்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் ஒரே சுற்றில் முடியாது, ஏனென்றால் ஒரு பக்கக் கம்பிகளை இறுக்கும்போது கூடும் அழுத்தத்தில் முன்பு இறுக்கியவை இறங்கும். முதலில் மொத்தத்தையும் தோராயமாக ஏற்றிவிட்டு அப்புறம்தான் நுணுக்கமாகச் செய்வார்கள், நேரமும் கட்டணமும் கூடும். கம்பி அறுந்தால் செலவு யாருடையது என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

கீ மெதுவாக எழும்புகிறது, தொடுவது கனமாக இருக்கிறது என்றால் அது டியூனிங் இல்லை, கீயின் உள் இயக்கத்தைச் சரிசெய்யும் ரெகுலேஷன். ஒலி தகரம் தட்டுவதுபோலக் கூர்மையாக இருந்தால் சுத்தியல் ஃபெல்ட்டைப் பதப்படுத்தும் வாய்சிங். மூன்றும் வேறு வேறு வேலை, டியூனிங் முடிந்தபின் "கீ இன்னும் ஒட்டுதே" என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

வருடத்துக்கு இரண்டு முறை சரியான கணக்கு, முடியாவிட்டால் ஒரு முறையாவது. புதுப் பியானோவில் கம்பி இன்னும் இளகிக்கொண்டிருக்கும், முதல் வருடம் மூன்று நான்கு முறை வேண்டும். வடகிழக்குப் பருவமழை நடுவே செய்யாதீர்கள். பொங்கல் கழிந்து காற்று நிதானமானதும் ஒன்று, ஆடி ஆவணியில் ஒன்று. வீடு மாற்றினால் இரண்டு மூன்று வாரம் விட்டுச் செய்யுங்கள்.

நான்காம் படி: அன்றைக்கு

மேலே இருக்கும் போட்டோ, பூச்சாடி எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வீடு அமைதியாக இருக்க வேண்டும்: மிக்ஸி, குக்கர் விசில், டிவி எதுவும் கூடாது. அவர் நடு எட்டுச்சுரத்தை முதலில் நிறுத்தி, அதிலிருந்து இருபுறமும் விரிப்பார். முடிந்ததும் எல்லா கீயையும் பலமாக ஒருமுறை வாசித்துப் பாருங்கள், சரியாக உட்காராத டியூனிங் பின் (கம்பியைச் சுற்றி இறுக்கும் உலோக முளை) அங்கேயே தெரிந்துவிடும்.

இணையத்தில் டியூனிங் சாவி விலை குறைவாகக் கிடைக்கிறது, நாமே செய்தால் என்ன? வீணைப் பிருடையைத் திருகுவதுபோல என்று நினைத்தால் தப்பு. சுருதி வந்ததும் பின்னை மரத்துக்குள் அசையாமல் நிறுத்துவதுதான் வித்தை, கை பழகாதவர் திருகினால் பின் தளரும், மேல்கோடிக் கம்பி அறும்.

நடுவில் நீங்கள் செய்ய வேண்டியவை

லேசாக ஈரமான துணியால் கீகளை உங்களை நோக்கி இழுத்துத் துடையுங்கள், குறுக்காகத் துடைத்தால் இடுக்கில் நீர் இறங்கும். உடனே உலர்ந்த துணி. கம்பியை விரலால் தொட வேண்டாம், வியர்வை துருப்பிடிக்க வைக்கும். பெடல் கீச்சிட்டால் தேங்காய் எண்ணெய், ஸ்ப்ரே எதுவும் உள்ளே போகக்கூடாது. டியூனிங் பின்கள் பதிந்திருக்கும் பலகையில் எண்ணெய் ஊறினால் அப்புறம் சுருதி நிற்காது.

ஃபெல்ட் எல்லாம் கம்பளி, அந்துப்பூச்சிக்கு விருந்து. பாச்சா உருண்டையைச் சின்னத் துணிப்பையில் கட்டி, பாலிஷில் படாமல் கீழ்ப்பெட்டிக்குள் தொங்கவிடலாம். பெடல் பகுதிப் பலகையை மாதம் ஒருமுறை கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள்: எலிப்புழுக்கை, மண் கோடு, அரித்த ஃபெல்ட் துகள் எது தெரிந்தாலும் டியூனருக்குப் படம் அனுப்புங்கள். டியூன் செய்த தேதி, அன்றைய ஈரப்பதம், நடு ஏ காட்டிய எண் மூன்றையும் மூடியின் உட்புறம் ஒரு தாளில் ஒட்டி வையுங்கள்.

தாத்தா காலத்துப் பியானோவில் கம்பி துருவேறியிருந்தால் டியூனர் 440 வரை ஏற்றத் தயங்குவார், 435லேயே நிறுத்தலாமா என்று கேட்பார். தனியாக வாசிப்பவர் என்றால் சம்மதியுங்கள். புல்லாங்குழலோ கீபோர்டோ கூடச் சேரும் என்றால் முதலில் கம்பி மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.