லே-ல செத்துப்போன போன், தனியா போறவங்களுக்கு
முதல் தடவை தனியா லடாக் போனேன், லே ஏர்போர்ட்ல இறங்கினதுமே போன்ல "நோ சர்வீஸ்", டெல்லி வரைக்கும் ஃபுல் சிக்னல் இருந்துச்சு.

ரீஸ்டார்ட், ரோமிங் ஆன், நெட்வொர்க்க மேனுவலா தேடுறதுன்னு எல்லாம் பண்ணியாச்சு, ஒன்னும் நடக்கல. வைஃபைல கஸ்டமர் கேர்ல சாட் பண்ணா செட்டிங்ஸ ரீசெட் பண்ணுங்கன்னே சொல்லிட்டு இருந்தாங்க, அதுலயே நாள் போச்சு. கடைசில கெஸ்ட்ஹவுஸ் அக்காதான் சொன்னாங்க, வெளி மாநில ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர்லயும் லடாக்லயும் எடுக்காது, போஸ்ட்பெய்டு மட்டும்தான்னு. அங்க போய் போஸ்ட்பெய்டுக்கு மாத்தலாம்னாலும் ஓடிபி வரணுமே, அது வராது.

மெயின் பஜார்ல ஆதார் காட்டி லோக்கல் ப்ரீபெய்டு சிம் வாங்கினேன், சரியாயிடுச்சு.

முக்கியமான விஷயம், பழைய சிம்ம கழட்டாதீங்க. அது முதல் ஸ்லாட்லயே இருக்கட்டும், புதுச ரெண்டாவதுல போட்டு டேட்டாவ மட்டும் அதுக்கு மாத்துங்க. சிம் கழண்டா யுபிஐ ஆப் திரும்ப வெரிஃபை கேக்கும், அந்த எஸ்எம்எஸ் போகவே போகாது. கழட்டாம விட்டதால எனக்கு யுபிஐ ஓடுச்சு, வாட்ஸ்அப்பும் பழைய நம்பர்லயே, அது நம்பர் மாத்தவான்னு கேட்டா வேணாம்னு குடுங்க. கார்டுல ஆன்லைன் பேமென்ட் மட்டும் ஓடிபி இல்லாம நடக்காது, அதனால ரூம், டிக்கெட் எல்லாம் ஊர்லயே புக் பண்ணி, கைல கேஷும் வெச்சுக்கோங்க.

நெட் வந்ததும் பாங்காங் ஏரிக்கு ஷேர் டாக்ஸில சீட் பிடிச்சேன், தனி வண்டி எடுக்கிற செலவு மிச்சம்.