பழைய செய்முறையைத் தழுவிய ஆம்பர் ஏலைச் சுவைத்து அறியும் முறை

ஒரே ஒரு முறை, குறைந்த அளவில் தயாரித்து வெளியிடப்பட்ட, செம்பு நிறப் பீர் வகையான ஆம்பர் ஏல் பாட்டில் ஒன்று கைக்கு வந்து, அதன் லேபிளில் பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய செய்முறையைத் தழுவியது என்ற வாசகமும் இருந்துவிட்டால், மூடியைத் திறப்பதற்கு முன்பே அதன் சுவையை நாம் பாதி முடிவுசெய்துவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், விறகுப் புகையில் உலர்த்திய மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) சேர்த்தது என்று அச்சிட்டிருந்த ஏல் ஒன்றை நண்பர்கள் மூவருடன் சுவைத்தேன். நால்வருமே புகை மணத்தை உணர்ந்து, அதைக் குறிப்பேட்டிலும் எழுதினோம். அடுத்த வாரம் அதே ஏலையும் வழக்கமான ஆம்பர் ஏல் ஒன்றையும் எது எதுவென்று சொல்லாமல் வேறொருவர் ஊற்றித் தந்தபோது, புகையை வைத்துப் பிரித்துச் சொல்ல எங்களில் ஒருவராலும் முடியவில்லை. நாங்கள் முதல் வாரம் முகர்ந்தது லேபிளைத்தான். அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறையையே இங்கே விளக்குகிறேன்: சொல்லப்பட்ட வரலாற்றில் எவ்வளவு கோப்பைக்குள் இருக்கிறது என்பதை மூக்கையும் நாக்கையும் கொண்டு சரிபார்ப்பதே இதன் நோக்கம்.

திறப்பதற்கு முன்

பாட்டிலைத் தடித்த தாளால் சுற்றி ஒட்டிவிடுங்கள். அடைத்த நாளையும் சாராய அளவையும் மட்டும் வேறொருவரைப் படித்துச் சொல்லச் சொல்லலாம், ஏனெனில் அவ்விரண்டும் எப்போது, எவ்வளவு குடிப்பது என்பதைத் தீர்மானிப்பவை. இன்றைய ஆம்பர் ஏல்கள் பெரும்பாலும் 4.5 முதல் 6.2 விழுக்காடு வரை சாராயம் கொண்டவை. இந்த வலிமையுள்ள ஏல் வைத்திருக்க வைத்திருக்கத் தேறுவதில்லை, தேய்கிறது. அரிதாகக் கிடைத்தது என்பதற்காக ஆண்டுக்கணக்கில் பூட்டிவைப்பவர்களைப் பார்க்கிறேன். அவர்கள் கடைசியில் குடிப்பது ஈர அட்டையின் மணம் வீசும் தேய்ந்த பானத்தைத்தான். 8 விழுக்காட்டுக்கு மேற்பட்டவையும், நொதிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்டின் காட்டு வகையைச் சேர்த்துப் பாட்டிலுக்குள்ளேயே முதிர்பவையும் மட்டுமே இதற்கு விலக்கு.

வெளிச்சம் படாத, குளிர்ந்த இடத்தில் பாட்டிலை ஒரு நாளாவது நிமிர்த்தி வைத்திருங்கள். வடிகட்டாத ஏலாக இருந்தால் ஈஸ்ட் அடியில் படிந்துவிடும். 330 மில்லிலிட்டர் கொண்ட, 5 விழுக்காடு வலிமையுள்ள ஒரு பாட்டிலில் சுமார் 13 கிராம் சாராயம் இருக்கிறது. நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 80 மில்லிலிட்டர், சுவைத்தறிய அதுவே தாராளம். வாகனம் ஓட்ட வேண்டியவரும், குடிக்கக் கூடாதவரும் முகர்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்; இந்த வேலையில் பாதிக்கு மேல் மூக்குக்கு உரியது என்பதால் அவர்கள் பெரிதாக எதையும் இழப்பதில்லை.

கோப்பையும் வெப்பநிலையும்

வாய் குறுகிய, அடி அகன்ற எந்தக் கண்ணாடிக் கோப்பையும் போதும். சோப்பின் எச்சமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் நுரை நில்லாது. கோப்பையை நீரில் நனைத்துக் கவிழ்த்துப் பார்த்தால், சுத்தமான கண்ணாடியில் நீர் ஒரே படலமாக வழியும், அழுக்குள்ள இடத்தில் துளித்துளியாகப் பிரியும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாதீர்கள். 4 டிகிரி செல்சியஸில் மணங்கள் பானத்துக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும். இருபது நிமிடம் வெளியே வைத்து, 8 டிகிரி அளவில் முதல் முறையும், கோப்பையிலேயே அது 12 அல்லது 13 டிகிரியை எட்டும்போது இரண்டாம் முறையும் சுவைக்க வேண்டும். பழைய முறை ஏல்கள் இரண்டாம் முறையில்தான் வாய் திறக்கின்றன.

கோப்பையைச் சாய்த்துப் பிடித்து அதன் பக்கவாட்டில் வழியுமாறு ஊற்றத் தொடங்கி, பாதியில் நிமிர்த்தி நடுவில் ஊற்றினால் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை எழும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம், மணம் சேர மேலே வெற்றிடம் வேண்டும். பாட்டிலின் அடியில் கடைசி ஒரு விரல் அளவை மண்டியோடு அப்படியே விட்டுவையுங்கள்.

நிறம் சொல்வதும் சொல்லாததும்

கோப்பைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். நடுவில் தேன் போலவோ செம்பு போலவோ தெரியும் ஏல், விளிம்பில் மெல்லிய பொன்னிறமாக வெளுக்கிறதா, அல்லது மாதுளைச் சிவப்பாகவே நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் பீர் ஆலை நடத்திவந்த ஜோசப் வில்லியம்ஸ் லவிபாண்ட் 1885ஆம் ஆண்டில் சாயமேற்றிய கண்ணாடித் துண்டுகளைக் கொண்டு நிறத்தை அளக்கும் கருவியை உருவாக்கியதும் இதே கேள்விக்காகத்தான். மால்ட்டின் நிறம் இன்றும் அவர் பெயரிலுள்ள டிகிரிகளில் குறிக்கப்படுகிறது.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பி வரலாற்றை முடிவுசெய்ய முடியாது, ஏனெனில் ஒரே நிறத்துக்கு மூன்று வழிகள் உண்டு. மால்ட்டை உலர் வெப்பத்தில் மிதமாக வறுத்தால் கிடைப்பது ஆம்பர் மால்ட். அது பிஸ்கட்டையும் வறுத்த கொட்டையையும் நினைவூட்டும், நாக்கில் வறண்டு முடியும். முளைவிட்ட தானியத்தை ஈரத்தோடே 65 முதல் 70 டிகிரியில் வேகவைத்து, உமிக்குள்ளேயே மாவுச்சத்து சர்க்கரையாக மாறிய பின் வறுத்தால் கிடைப்பது கிரிஸ்டல் மால்ட்; அது கேரமலையும் உலர்திராட்சையையும் தரும், பானத்துக்குக் கனமும் சேர்க்கும். மூன்றாவது வழி, வெளிர் மால்ட்டோடு கரிய மால்ட்டைச் சிறிதளவு சேர்ப்பது. டேனியல் வீலர் 1817ஆம் ஆண்டில் காப்பிக்கொட்டை வறுப்பதைப் போன்ற உருளையில் மால்ட்டை வறுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகே இது எளிதானது. நிறம் செழிப்பாக இருந்தும் தானியச் சுவை மெலிந்து, நாக்கின் ஓரத்தில் கருகல் மட்டும் தட்டினால், மூன்றாவது வழியை ஐயப்படலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிரிஸ்டல் மால்ட் பரவலானது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே, அதற்கு முந்தைய காலத்தைச் சொல்லிக்கொள்ளும் ஏல் ஒன்று கேரமல் இனிப்பில் திளைத்தால், தயாரிப்பாளர் தழுவியது அந்தக் காலத்தின் நிறத்தை மட்டுமே. அதனால் பானம் மோசம் என்று ஆகிவிடாது, நன்றாகவே இருக்கலாம்.

மூக்கின் வேலை

நுரை அடங்கும் முன் மூன்று முறை, சிறிய சிறிய இழுப்பாக முகருங்கள். நீண்ட மூச்சாக இழுத்தால் மூக்கு அந்த மணத்துக்குப் பழகி மரத்துவிடும். பிறகு கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடி, மெல்லச் சுழற்றி, கையை விலக்கியவுடன் மீண்டும் முகர வேண்டும். மூக்கு களைத்துவிட்டதாகத் தோன்றினால் உங்கள் சட்டைக் கையையே ஒருமுறை முகர்ந்துகொள்ளுங்கள். பழகிய அந்த மணம் மூக்கை மீட்டுத் தரும்.

இப்போது தேட வேண்டியவை மூன்று. முதலாவது புகை. நிலக்கரியைச் சுட்டு எடுக்கும் கோக் எரிபொருளால் மால்ட்டை உலர்த்தும் வழக்கம் இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் வந்த பிறகே, புகையற்ற வெளிர் மால்ட் எளிதாகக் கிடைத்தது. அதற்கு முன் விறகும் வைக்கோலும்தான். இதை வைத்துப் பழைய ஏல் எல்லாமே புகைந்தது என்று முடிவுகட்டுவதும் தவறு: 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வாழ்க்கை முறையை எழுதிவைத்த வில்லியம் ஹாரிசன், வைக்கோலில் உலர்த்திய மால்ட்டே சிறந்தது என்றும், விறகில் உலர்த்தியது தலையை வருத்தும் என்றும் பதிவுசெய்திருக்கிறார். அக்காலத்தவர் புகையைத் தேடிப் போகவில்லை, வேறு வழியின்றிப் பொறுத்துக்கொண்டார்கள். எனவே பழைமையைக் காட்டுவதற்காகத் தொண்டையை அடைக்கும் அளவுக்குப் புகை ஏற்றிய ஏலை நான் நம்புவதில்லை.

இரண்டாவது, மூலிகை. இங்கிலாந்தில் ஏல் என்ற சொல் முதலில், கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்கள் சேராத பானத்தையே குறித்தது. 15ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்துப் பகுதியிலிருந்து ஹாப்ஸ் சேர்த்த பானம் வந்து, பீர் என்ற பெயரில் தனியாகவே விற்கப்பட்டது. ஐரோப்பாவின் வடபகுதிகளில் சதுப்பு மிர்ட்டில் (bog myrtle), யாரோ (yarrow) போன்ற செடிகளின் கலவையைச் சேர்த்தார்கள். அதற்கு கிரூட் என்று பெயர். ஹாப்ஸின் கசப்பு பானங்களைக் கெடாமல் காக்கும் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட் எழுதியிருந்தும், அது எல்லா இடங்களிலும் நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. மூக்கில் பிசின், உலர்ந்த இலை, மிளகு கலந்த காரம் தட்டினால் மூலிகையாக இருக்கலாம். கிச்சிலிப் பழத்தோல், மாம்பழம் போன்ற பழமணம் ஓங்கினால் அது இன்றைய காலத்து ஹாப்ஸ் வகை. அவற்றில் பல கடந்த ஐம்பது ஆண்டுகளில் உருவாக்கப்பட்டவை.

மூன்றாவது, ஈஸ்ட். கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் 1883ஆம் ஆண்டில் ஒற்றை ஈஸ்ட் வகையைத் தனியே பிரித்து வளர்த்துப் பயன்படுத்திக் காட்டும் வரை, நொதிக்கும் தொட்டியில் பலவகை ஈஸ்ட்களும் பாக்டீரியாக்களும் கூட்டுக்குடித்தனம் நடத்தின. அதே ஆய்வகத்தின் கிளாசென் 1904ஆம் ஆண்டில், நாள்பட்ட ஆங்கில ஏல்களின் தனி மணத்துக்குக் காரணமான ஈஸ்டை அடையாளம் கண்டு பிரெட்டனோமைசிஸ் என்று பெயரிட்டார். பிரிட்டனின் பூஞ்சை என்பது அதன் பொருள். தோல், வைக்கோல் போர், குதிரைக் கொட்டில் ஆகியவற்றை நினைவூட்டும் அந்த மணம் மெலிதாக வந்தால், தயாரிப்பாளர் உண்மையாகவே பழையதைத் தேடியிருக்கிறார் என்று கொள்ளலாம்.

வாயில்

ஒரு மிடறு எடுத்து நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்கியபின் வாயை மூடி மூக்கு வழியே மூச்சை விடுங்கள். முகர்ந்தபோது கிடைக்காத மணங்கள் அப்போது பின்வாசல் வழியாக வரும். இனிப்புக்கு நுனி, கசப்புக்கு அடி என்று நாக்கைப் பங்குபோடும் பழைய படத்தை மறந்துவிடலாம். எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பகுதியிலும் உணரப்படுகிறது. ஆனால் கசப்பு தாமதமாக ஏறி நெடுநேரம் நிற்பது என்பதால், விழுங்கிப் பத்து நொடி காத்திருந்த பிறகே அதை மதிப்பிட வேண்டும்.

கசப்பையும் துவர்ப்பையும் வேறு வேறு சுவைகளாகவே எண்ணிப் பழகிய நமக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. கசப்பு ஹாப்ஸிலிருந்தோ மூலிகையிலிருந்தோ கருக வறுத்த தானியத்திலிருந்தோ வருவது. துவர்ப்பு என்பது ஈறுகளை இழுத்துப் பிடிக்கும் வறட்சி. அது பார்லியின் உமியிலிருந்தோ ஓக் மரப் பீப்பாயிலிருந்தோ வருவது. பீப்பாயில் முதிர்ந்த ஏலில் மெல்லிய துவர்ப்பு பொருத்தமானது. பீப்பாயே தொடாத ஏலில் அது இருந்தால், மால்ட்டை மிகச் சூடான நீரில் அளவுக்கு மீறி அலசியிருக்கிறார்கள்.

குறையா, கருத்தோடு செய்ததா

பழைய முறை ஏலைச் சுவைப்பதில் கடினமான இடம் இதுதான். புளிப்பு, கலங்கல், வெண்ணெய் மணம் ஆகிய எதைக் கண்டாலும் அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று சொல்லித் தப்பித்துவிட முடியும். நான் வைத்திருக்கும் அளவுகோல் எளியது: அந்தச் சுவைக்குப் பின்னால் மால்ட் இன்னும் நிற்கிறதா? தயிரின் புளிப்பைப் போலச் சுத்தமாக வந்து, தானியத்தின் இனிப்போடு கைகோத்துக்கொண்டால் அது கருதிச் செய்தது. காடியைப் போலத் தொண்டையைச் சுட்டு, திறக்கும்போதே பாட்டில் பொங்கி வழிந்திருந்தால், வேண்டாத நுண்ணுயிர் அழையாத விருந்தாளியாக உள்ளே புகுந்திருக்கிறது. வெண்ணெய் மணம் ஆங்கில ஏல்களில் சிறிதளவு பொறுக்கப்படுவது. நாக்கில் வழவழப்பாகப் படியும் அளவுக்கு இருந்தால், நொதித்தல் முடியும் முன்பே ஈஸ்டை அகற்றிவிட்டார்கள் என்று பொருள்.

இரண்டு மணங்களுக்கு மட்டும் எந்த வரலாறும் சமாதானம் ஆகாது. ஈர அட்டை மணம் ஆக்சிஜனும் வெப்பமும் செய்த வேலை. நாற்றமடிக்கும் கந்தக நெடி, ஹாப்ஸிலுள்ள கசப்புப் பொருள் மீது வெளிச்சம் பட்டதால் விளைவது. பழுப்புக் கண்ணாடி அதைப் பெருமளவு தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. இவ்விரண்டிலும் குற்றம் பெரும்பாலும் பாட்டிலை வைத்திருந்த இடத்தினுடையது, செய்முறையினுடையதன்று.

பக்கத்தில் இன்னொன்று

வழக்கமான ஆம்பர் ஏல் ஒன்றையும் வாங்கிவைத்து, மூன்று கோப்பைகளில் இரண்டில் ஒன்றையும், மூன்றாவதில் மற்றதையும் ஊற்றித் தரச் சொல்லுங்கள். நிறம் காட்டிக்கொடுக்காமல் இருக்க ஒளிபுகாத கோப்பைகள் வேண்டும். வேறுபட்டது எது என்று கண்டுபிடிப்பதே சோதனை. குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒரு முறை சரியாகிவிடும் என்பதால், வரிசையை மாற்றி மூன்று நான்கு முறையாவது செய்தால்தான் அதற்கு மதிப்பு. ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மிடறு போதும்.

அதன் பிறகு, பாட்டிலின் அடியில் விட்டுவைத்த மண்டியைச் சுழற்றி, தனிக் கோப்பையில் ஊற்றிச் சுவையுங்கள். ரொட்டி மாவின் வாசமும் மண்ணின் கனமும் கூடியிருக்கும். தெளிந்த பகுதியைவிட இதுவே பிடித்திருக்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல.

இப்போது சுற்றியிருந்த தாளைக் கிழித்து லேபிளைப் படியுங்கள். அதில் சொல்லியுள்ள ஒவ்வொரு செய்தியையும் உங்கள் குறிப்போடு ஒப்பிட்டு, கோப்பையில் கண்டதற்கு ஒரு சரிக்குறியும், காணாததற்கு ஒரு பெருக்கல் குறியும், உறுதியாகச் சொல்ல முடியாததற்குக் கேள்விக்குறியும் இடுங்கள். இரண்டாவது பாட்டில் இருந்தால் மூன்று வாரம் கழித்து அதைத் திறந்து, கேள்விக்குறி இட்டவற்றை மட்டும் தேடிச் சுவையுங்கள்.