தலைக்கு நேர் மேலே கன்னிக் கொத்து: கடலூரிலிருந்து பார்ப்பது எப்படி, பார்த்ததைப் புரிந்துகொள்வது எப்படி

கடலூர் ஏறத்தாழ 11.75 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, புதுச்சேரி 11.9. கன்னி ராசிப் பக்கம் தெரியும் கேலக்ஸிக் கூட்டம்தான் கன்னிக் கொத்து. அதன் நடுவில் உட்கார்ந்திருக்கும் எம்87 என்ற ராட்சத கேலக்ஸி, பூமியின் அட்சரேகை போலவே வானத்துக்கும் போடும் கணக்கில், வடக்கே 12.4 டிகிரியில் இருக்கிறது. அதாவது ஆயிரத்துக்கு மேற்பட்ட கேலக்ஸிகள் கூடிக் கிடக்கும் அந்த இடம், 5.4 கோடி ஒளியாண்டுக்கு அப்பால், நம் உச்சந்தலையைத் தொட்டுக்கொண்டு போகிறது. கடலோரப் புழுக்கமும் துறைமுக விளக்கும் அடிவானத்தைத்தான் அதிகம் கெடுக்கும், உச்சி ஓரளவு தப்பித்துவிடும். இவ்வளவு வசதியான இடத்தில் இருந்துகொண்டு பார்க்காமல் விடலாமா?

பங்குனிக் கடைசியிலிருந்து வைகாசி பிறக்கும் வரை நல்ல காலம், அதிலும் அமாவாசையை ஒட்டிய நாட்கள். சித்திரை பிறக்கும்போது இரவு 11 மணி வாக்கில் உச்சிக்கு வரும், மே முதல் வாரத்தில் பத்துக்கு முன்பே வந்துவிடும். சில்வர் பீச் வேண்டாம், வெளிச்சம் அதிகம். பண்ருட்டிப் பக்கம் உள்ளே தள்ளி, தெரிந்தவர் வயலோ முந்திரித்தோப்பை ஒட்டிய மேடோ கிடைத்தால் போதும். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள், கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் விடுங்கள். ஆறு அல்லது எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி, அதாவது மேல்கீழாகவும் பக்கவாட்டிலும் கையால் திருப்பும் எளிய வகை, நன்றாகவே காட்டும். ஆனால் அது சரியாக உச்சியை நோக்கும்போது பக்கவாட்டில் திருப்புவது பெரும்பாடு, அதனால் உச்சிக்கு வருவதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ பாருங்கள். ஐபீஸில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் வில்லையில், பனி படியும், ஒரு பருத்தித் துண்டு கையோடு இருக்கட்டும்.

இடம் கண்டுபிடிக்க நம் உத்திர நட்சத்திரமே வழிகாட்டி. சிம்மத்தின் வால்நுனியில் இருக்கும் உத்திரத்திலிருந்து, கன்னியில் இருக்கும் விண்டமியாட்ரிக்ஸ் நட்சத்திரத்துக்கு மனதுக்குள் ஒரு கோடு போடுங்கள். அதன் நடுப்புள்ளியில் குறைந்த பெருக்கம் தரும் ஐபீஸை வைத்துப் பாருங்கள், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மங்கல் பஞ்சுத் துணுக்குகள் தெரியும். அவைதான் எம்84, எம்86 என்ற கேலக்ஸிகள். அவற்றிலிருந்து கிழக்கே மெல்ல வளைந்து வடக்கே ஏறும் வரிசைதான் மார்க்கேரியன் சங்கிலி, அவசரப்படாமல் ஒவ்வொன்றாக எடுங்கள்.

எம்84, எம்86 இரண்டும் உருண்டையாக, கைகளே இல்லாமல் தெரியும். தொலைநோக்கியைக் குறை சொல்ல வேண்டாம், பெரிய தொலைநோக்கிப் படத்திலும் அவற்றுக்குச் சுருள் கைகள் கிடையாது. நம் பால்வீதி மாதிரி சுருள் கேலக்ஸிகள் தனிமையான இடங்களில் பத்துக்கு எட்டு இருக்கும், நெருக்கமான கொத்தின் நடுவிலோ பத்துக்கு ஒன்று தேறுவதே அபூர்வம். 1980-இல் ஆலன் டிரெஸ்லர் என்ற வானியலாளர் 55 கொத்துகளில் சுமார் 6,000 கேலக்ஸிகளை வகைபிரித்து இதை எண்ணிக்காட்டினார்.

ஏன் இப்படி? பலரும் மோதல்தான் காரணம் என்று நினைக்கிறார்கள். பெரிய கொத்தின் நடுவில் கேலக்ஸிகள் நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் போல ஓடுகின்றன, அந்த வேகத்தில் இரண்டு உரசிப் போகலாமே தவிர ஒன்றாகச் சேர்வது கஷ்டம். உண்மையான வேலையைச் செய்வது கொத்து முழுக்க நிரம்பியிருக்கும், கோடிக்கணக்கான டிகிரி சூடான, மிக மெல்லிய வாயு. அறுவடை முடிந்து சிதம்பரம் ரோட்டில் வைக்கோல் லாரி போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றே இல்லாத நாளிலும் வைக்கோல் பிய்ந்து பின்னால் பறக்கும், லாரிக்கு ஒன்றும் ஆகாது. நட்சத்திரங்கள் லாரி, புது நட்சத்திரம் பிறக்கத் தேவையான குளிர்ந்த வாயு வைக்கோல். ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் என்ற இரண்டு வானியலாளர்கள் 1972-இல் சொன்ன கணக்கு இதுதான்: கேலக்ஸியின் வேகம் இரண்டு மடங்கானால் வாயுவைப் பிய்க்கும் அழுத்தம் நான்கு மடங்கு. சில கேலக்ஸிகளுக்குப் பின்னால் வாயு நீளமான வாலாகத் தொங்குவதால் அவற்றை ஜெல்லிமீன் கேலக்ஸி என்றே அழைக்கிறார்கள், வலையில் சிக்கும் சொறியைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் சட்டென்று புரியும். வாயு போனபின் நீல நிற இளம் நட்சத்திரங்கள் சீக்கிரம் செத்துவிடும், மஞ்சளும் சிவப்புமான முதியவை மிஞ்சும். இன்னொரு வழி மெதுவானது: வெளியிலிருந்து புது வாயு வருவது நின்றுபோய், கையிருப்பைத் தின்று தீர்ப்பது.

சரி, இதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். வானத்தைப் படமெடுத்துப் பட்டியலிட்ட ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வே என்ற ஆய்வின் ஸ்கைசர்வர் தளம் இலவசம். அதில் நேவிகேட் பகுதிக்குப் போய் 194.9, 27.96 என்ற வான முகவரியைக் கொடுங்கள், சுமார் 32 கோடி ஒளியாண்டு தூரத்துக் கோமா கொத்தின் நடுப்பகுதி வரும். ஒவ்வொரு கேலக்ஸியாகச் சொடுக்கினால் யூ (புற ஊதா), ஆர் (சிவப்பு) என்ற இரண்டு நிறங்களில் அதன் பிரகாச எண் கிடைக்கும், எண் பெரிதானால் வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். யூவிலிருந்து ஆரைக் கழியுங்கள், 2.22-க்கு மேல் வந்தால் சிவப்புக் கட்சி, கீழே வந்தால் நீலம். செம்பெயர்ச்சி (தூரம் கூடக் கூட ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவு) 0.023-ஐ ஒட்டி இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பின்னால் கிடக்கும் வேறு கேலக்ஸிகளும் கணக்கில் புகுந்துவிடும். ஐம்பது எண்ணியபின், கொத்தே இல்லாத இடத்தில் அதே செம்பெயர்ச்சியில் இன்னொரு ஐம்பது.

இங்கே ஒரு பிழை எளிதாக நடக்கும், கவனியுங்கள். மிகப் பெரிய கேலக்ஸிகள் எங்கே இருந்தாலும் பெரும்பாலும் சிவப்புதான். அதனால் இரண்டு பட்டியலிலும் கிட்டத்தட்ட ஒரே பிரகாசம் உள்ளவற்றையே ஒப்பிட வேண்டும், அப்போதுதான் சுற்றுப்புறம் செய்த வேலை தனியாகத் தெரியும். அப்புறம், கொத்துக்குள் விழும் முன்பே சிறு குழுக்களில் இருந்தபோது பாதி வாயுவை இழந்துவிட்டு வருபவையும் உண்டு, அதனால் சிவப்பு எல்லாமே கொத்தின் கைவரிசை என்று எழுதிவிடாதீர்கள்.

எண்ணி முடித்ததும் அடுத்த அமாவாசைக்கு மறுபடி வயலுக்குப் போங்கள். எம்87-இலிருந்து வடகிழக்கே ஒன்றரை டிகிரிக்குச் சற்று மேல் நகர்ந்தால் எம்90 வரும், நீளவாக்கில் மெல்லிய கீற்று. அது சுருள் கேலக்ஸிதான், ஆனால் கைகளில் புது நட்சத்திரம் பிறப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது. வாயு பறிபோன ஒன்று, பண்ருட்டி வயலுக்கு நேர் மேலே.