முடி நட்ட பிறகு பயத்தில் செய்யும் தவறுகள்

ஹேர் டிரான்ஸ்பிளான்ட் முடித்தவர்களுக்கு வலி பெரிய தொல்லை அல்ல. அது இரண்டு மூன்று நாளில் மாத்திரைக்கு அடங்கிவிடும். பயம் அப்படி எளிதில் போகாது. கிராஃப்ட் (மயிர்க்காலோடு எடுத்து நட்ட சிறு தோல் துணுக்கு) விழுந்துவிட்டதோ, நட்ட முடியெல்லாம் கொட்டுகிறதே, இருந்த முடியும் போகிறதே என்று ஓராண்டு வரைகூட நீடிக்கும். பயமுறுத்தும் அறிகுறிகளில் பெரும்பாலானவை குணமாகும் வழியில் எல்லோருக்கும் வருபவை. பதறிப்போய்த் தொடுவது, சுரண்டுவது, கண்டதைத் தடவுவது ஆகியவைதான் கெடுதல் செய்கின்றன.

தலையில் தண்ணீர் படவே பயப்படுவது

முதல் இரண்டு மூன்று நாள் கிராஃப்ட் உறைந்த ரத்தத்தின் பிடியில்தான் நிற்கிறது. விரலால் தேய்த்தாலோ, சட்டையைத் தலைவழியாகக் கழற்றும்போது உரசினாலோ வெளியே வந்துவிடலாம். நாள் ஆக ஆகப் பிடிப்பு கூடும். ஒன்பது பத்து நாளில், பொருக்கை மெல்லத் தேய்த்து எடுத்தாலும் அசையாத அளவுக்கு ஊன்றிவிடும். இந்தக் கணக்கு தெரியாததால் சிலர் நான்காம் நாளே பொருக்கை நகத்தால் நோண்டுகிறார்கள். சிலர் இரண்டு வாரம் ஆகியும் கழுவாமல் விடுகிறார்கள். அப்போது பொருக்கு தடித்து, அரிப்பு கூடி, கிருமித் தொற்றுக்கும் இடம் கிடைக்கிறது.

மருத்துவர் சொன்ன நாளில் கழுவத் தொடங்குங்கள். பெரும்பாலும் அது அறுவைக்குப் பின் 1 முதல் 3 நாளுக்குள் இருக்கும். ஷாம்புவை உள்ளங்கையில் தண்ணீர் விட்டு நுரையாக்கி, நுரையை மட்டும் நட்ட இடத்தில் வையுங்கள். சில நிமிடம் ஊறியதும் வெதுவெதுப்பான தண்ணீரைக் குவளையால் மெல்ல ஊற்றுங்கள். ஷவர் நேராகத் தலையில் விழக்கூடாது. நட்ட இடத்தைத் துண்டால் தொடாமல் காற்றிலேயே உலரவிடுங்கள். முடி எடுத்த பின்தலையை மட்டும் ஒற்றி எடுக்கலாம். ஏழெட்டு நாள் கழிந்து மருத்துவர் சரி என்றதும், பொருக்கை நன்றாக ஊறவைத்து, நகம் படாமல் விரல் நுனியால் சிறு வட்டமாகத் தேய்க்கலாம். பத்திலிருந்து பதினான்கு நாளுக்குள் தலை சுத்தமாகிவிட வேண்டும்.

பொருக்கோடு முடியும் வந்தால் கிராஃப்ட் போய்விட்டது என்று முடிவுகட்டுவது

உதிர்ந்த பொருக்கில் இரண்டு மூன்று குட்டை முடி ஒட்டியிருக்கும். சிலவற்றின் முனையில் வெளிறிய சிறு குமிழ்கூடத் தெரியும். அதைப் பார்த்ததும் வேரே வந்துவிட்டது என்று நெஞ்சு பதறும். அந்த இடத்தில் ரத்தம் வந்ததா என்று மட்டும் பாருங்கள். வரவில்லை என்றால் உதிர்ந்தது பெரும்பாலும் முடித்தண்டு மட்டுமே. மயிர்க்கால் தோலுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. முதல் சில நாளில் கிராஃப்ட் உண்மையிலேயே பிடுங்கிக்கொண்டு வந்தால் அந்தப் புள்ளியில் ரத்தம் கசியும். சுத்தமான காஸ் துணியால் மெல்ல அழுத்திப் பிடித்து, மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். வந்ததைத் திரும்பச் செருகப் பார்க்காதீர்கள். ஆயிரக்கணக்கில் நட்ட இடத்தில் ஒன்றிரண்டு போனால் கண்ணுக்குத் தெரியாது.

வீக்கத்துக்குச் சொந்த வைத்தியம்

இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நெற்றி வீங்கி, வீக்கம் கண்ணிமைக்கும் மூக்கின் மேல்பகுதிக்கும் இறங்கலாம். மரத்துப்போகத் தலைத்தோலில் ஊசி வழியே செலுத்திய திரவம் கீழே வடிவதுதான் முக்கியக் காரணம். வாரத்துக்குள் வடிந்துவிடும். முதல் ஐந்தாறு இரவு தலையை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, மல்லாந்து படுங்கள். கழுத்தைச் சுற்றும் பயணத் தலையணை வைத்தால் புரளாமல் இருக்கலாம். ஐஸை நட்ட இடத்தில் வைக்கவே கூடாது. ஆஸ்பிரின், ஐபுப்ரொஃபேன் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டும் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். வேறு நோய்க்காக ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தவும் கூடாது.

கொட்டும் மாதங்களில் பதறுவது

மனம் அதிகம் உடைவது இங்கேதான். இரண்டாம் வாரத்திலிருந்து இரண்டாம் மாதத்துக்குள் நட்ட முடியில் பெரும்பகுதி கொட்டிவிடும். இடத்தைவிட்டுப் பெயர்க்கப்பட்ட அதிர்ச்சியில் மயிர்க்கால் தன் தண்டை உதிர்த்துவிட்டு ஓய்வுக்குப் போகிறது. மூன்று நான்கு மாதத்தில் அதே மயிர்க்காலிலிருந்து புது முடி முளைக்கத் தொடங்கும். நட்ட இடத்தைச் சுற்றி ஏற்கெனவே இருந்த முடியும் கொஞ்சம் உதிரலாம். ஷாக் லாஸ் என்பார்கள். அதுவும் பெரும்பாலும் சில மாதத்தில் திரும்பும். ஏற்கெனவே மெலிந்து போய்க்கொண்டிருந்த முடி மட்டும் திரும்பாமல் போகலாம். இதை அறுவைக்கு முன்பே மருத்துவர் விளக்கியிருக்க வேண்டும்.

ஆக, இரண்டாம் மாதக் கடைசியில் தலை அறுவைக்கு முன்பு இருந்ததைவிட மோசமாகத் தெரிவது நடப்பதுதான். அந்த நேரத்தில் தலையணையில் விழுந்த முடியை எண்ணாதீர்கள். முடி வளர்ச்சிக்கான மினாக்சிடில் மருந்தின் அளவை இரட்டிப்பாக்காதீர்கள். அந்த மருந்தே தொடக்கத்தில் கொஞ்சம் உதிர்வைக் கொண்டுவரும். ஃபினாஸ்டெரைடு என்ற முடி உதிர்வைத் தடுக்கும் மருந்தை எடுப்பவர்கள் வெறுப்பில் அதை நிறுத்தினால், நடாத பழைய முடியின் பாதுகாப்பும் போய்விடும். பக்க விளைவு பற்றிய பயம் இருந்தால் அதையும் மருத்துவரிடமே பேசுங்கள்.

படபடப்புக்கு சிகரெட்டை நாடுவது இன்னொரு தவறு. நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும். புதிதாக நட்ட மயிர்க்காலுக்கு ரத்த ஓட்டம்தான் உயிர். நிகோடின் சூயிங்கமும் வேப் எனும் மின்சிகரெட்டும் இதே கணக்கில்தான் வரும்.

தினமும் கண்ணாடி, தினமும் போட்டோ

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிட்டால் தெரிவது வெளிச்ச வித்தியாசம் மட்டுமே. தலைக்கு மேலே நேராக எரியும் விளக்கும் ஈர முடியும் எந்தத் தலையையும் வழுக்கையாகக் காட்டும். மாதம் ஒருமுறை, அதே அறை, அதே ஜன்னல் வெளிச்சம், காய்ந்த முடி, ஃபிளாஷ் இல்லாமல் முன்னால், இரு பக்கம், உச்சி என்று நான்கு படம் எடுங்கள். இடையில் எடுக்காதீர்கள்.

மற்றவர் படத்தோடு ஒப்பிடுவதும் வீண். கிராஃப்ட் எண்ணிக்கை, முடியின் தடிமன், சுருள், முடிக்கும் தோலுக்கும் உள்ள நிற வேறுபாடு எல்லாம் சேர்ந்தே அடர்த்தியைக் காட்டுகின்றன. உங்கள் தலையிலேயே ஒரு பக்கம் முந்தியும் மறுபக்கம் பிந்தியும் முளைக்கும். முதலில் வரும் முடி மெல்லியதாகவோ முறுக்கிக்கொண்டோ இருக்கும். போகப் போகத் தடிக்கும். ஆறாம் மாதத்தில் தெரிவது பாதி வேலை. முன்தலைக்கு 12 மாதம், உச்சிக்கு 15 முதல் 18 மாதம் வரை பொறுத்துத்தான் தீர்ப்பு சொல்ல முடியும். அதற்கு முன் இரண்டாவது அறுவைக்கு நாள் குறிக்க வேண்டாம்.

எல்லாம் சகஜம் என்று விட்டுவிடுவது

இது நேர் எதிர்த் தவறு. தலைத்தோல் மரத்துப்போவது சில மாதம் நீடிக்கலாம். இரண்டிலிருந்து நான்காம் மாதத்தில், புது முடி தோலைத் துளைத்து வரும்போது சில பருக்கள் வரும். பிதுக்காமல் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுத்தால் போதும். ஆனால் காய்ச்சல், மூன்று நாளுக்குப் பிறகும் குறையாமல் ஏறும் வலி, பரவும் சிவப்பு, சீழ், அழுத்தியும் நிற்காத ரத்தம் இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். நட்ட இடத்திலோ எடுத்த இடத்திலோ தோல் திட்டாகக் கறுத்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே ரத்த ஓட்டம் தடைப்பட்டிருக்கலாம். பொருக்கும் கருஞ்சிவப்பாக இருப்பதால் வீட்டில் பிரித்தறிவது கடினம்; நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பிக் கேளுங்கள்.

போன் செய்யத் தயங்கி, இரவு முழுக்க இணையத்தில் தேடுபவர்கள் ஏராளம். சந்தேகங்களைத் தாளில் எழுதி, படத்தோடு ஒரே முறையாக அனுப்பினால் பதிலும் தெளிவாக வரும். தூக்கம் கெட்டு, வேலையில் மனம் ஒட்டாமல், ஆட்களைப் பார்க்கவே தவிர்க்கும் நிலை சில வாரம் நீடித்தால் மனநல மருத்துவரிடமோ ஆலோசகரிடமோ போங்கள். மருத்துவர் பார்த்து முடி நன்றாக வருகிறது என்று சொன்ன பிறகும் நாளில் மணிக்கணக்காகக் கண்ணாடி முன் நிற்கத் தோன்றினால், தோற்றம் குறித்த அந்த வாதைக்குத் தனியாக சிகிச்சை உண்டு. இன்னொரு ஆயிரம் கிராஃப்ட் நட்டால் அது தீராது.