கச்சான் காற்றும் ஐந்தாவது தந்தியும்

கிளிநொச்சியில், தகரக் கூரை போட்ட எங்கள் வீட்டில் வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கியதும், என் ஐந்து தந்தி பேஸ் கிற்றாரின் தடித்த பி தந்தி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகளான பிரெட்டுகளில் முதல் நான்கில் மட்டும், போத்தலுக்குள் அகப்பட்ட வண்டைப் போல இரையும். தந்திதான் பழுது என்று எண்ணி இருமுறை புதிதாக வாங்கி மாட்டியது வீண்செலவு.

பின்னர் அத்தந்தியை முதலாவது பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் ஒருசேர அழுத்தி, எட்டாவது பிரெட்டருகே பார்த்தேன், தந்திக்கும் பிரெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தாள்கூட நுழையவில்லை. வறட்சியில் மரம் ஈரத்தை இழந்து, கழுத்து பின்பக்கமாக வளைந்து, தந்தி பிரெட்டுகளில் உரசும்படி ஆகியிருந்தது. ஏறத்தாழ 31 ஹேர்ட்ஸில் அதிரும் பி தந்தி மற்றவற்றைவிட அகலமாக ஆடுவதால், அதுவே இக்குறையை முதலில் காட்டிக்கொடுத்திருக்கிறது.

கழுத்தினுள் ஓடி அதன் வளைவைச் சீராக்கும் ட்ரஸ் றொட் என்ற உலோகக் கம்பியின் திருகை அலன் சாவியால் இடஞ்சுழியாகக் கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, ஒருநாள் விட்டு, மீண்டும் சுருதி சேர்த்தபோது இரைச்சல் நின்றிருந்தது. இறுக்கும் திசையில் வலிந்து சுற்றினால் அந்த றொட் முறியக்கூடும். நான் முதலில் அத்திசையில்தான் கைவைத்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாவது பிரெட்டில் சுருதி சிறிது கூடியிருந்ததால், உடலில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் அத்தந்தியின் தாங்கியைச் சற்றுப் பின்னே நகர்த்தினேன். ஐப்பசி மழை பிடித்ததும் கழுத்து முன்னோக்கி வளையும். அப்போது சிறிது இறுக்குகிறேன்.